பட்டுப் புடவைக்கும் வாலரன்ட்டுக்கும் ஒரே திரை

கம்ப்யூட்டர் மானிட்டரில் இரண்டு வகைக் குறைகள் உண்டு. படம் தாமதமாக வருவது ஒன்று, நிறம் மாறி வருவது இன்னொன்று. முதல் குறை கேம் ஆடுகிறவருக்கு உடனே பிடிபட்டுவிடும். எதிரி சுவர் மறைவிலிருந்து ஓடி வரும்போது படம் இழுபடும், மவுஸ் எங்கோ சிக்கிக்கொண்டதுபோல் கனக்கும். இரண்டாவது குறை அப்படிப் பிடிபடாது. திரை காட்டுகிற அரக்குச் சிவப்புதான் அசல் அரக்குச் சிவப்பு என்று கண் பத்தே நிமிடத்தில் ஒப்புக்கொண்டுவிடும். லேபிலிருந்து ஆல்பம் அச்சாகி வந்து, கல்யாண வீட்டார் மடியில் விரிந்த பிறகுதான் பிசகு வெளியே தெரியும். கேம், ஃபோட்டோ எடிட்டிங் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர் வாங்குகிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான். தானாகத் தெரியாத குறையை முதலில் அடைத்துவிட்டு, மிச்சப் பணத்துக்கு எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்று பார்ப்பதே சரியான வரிசை. கடைகளும் விளம்பரங்களும் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஹெர்ட்ஸ், நிறத்தைப் பற்றிய விவரம் கீழே ஒரு மூலையில்.

ஒரே திரைக்கு இரண்டு வேலை வந்து சேர்வது எப்படி என்பதற்குக் குத்தம்பாக்கம் நல்ல எடுத்துக்காட்டு. பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். மேற்கே போகும் வெளியூர்ப் பேருந்துகளுக்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) புதிய முனையம் எழுப்பியிருப்பதும் இங்கேதான். நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தண்டலத்தில் பொறியியல் கல்லூரிகள், கிழக்கே வந்தால் செம்பரம்பாக்கத்தில் இ.வி.பி. ஃபிலிம் சிட்டி, பூந்தமல்லி வரை சாலையோரம் கல்யாண மண்டபங்கள். அதே சாலைதான் காஞ்சிபுரத்துக்கும் போகிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே முகூர்த்த நாளில் கேமரா தூக்குகிற பையன், வாரநாளில் ஆல்பம் டிசைன் செய்துவிட்டு, வீடு அடங்கிய பிறகு நண்பர்களோடு வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலப்பரப்பு கிடையாது. அவனுக்கு இரண்டு மானிட்டர் வாங்க மேசையில் இடமும் இருக்காது, கையில் பணமும் இருக்காது.

அந்த இரவு ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது, கூடவே இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

நிறம்

திரையில் நிறத்தை அளக்கப் பொதுவான ஒரு வரையறை வேண்டும். 1996-ல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைதான் இன்றுவரை எல்லோருக்கும் பொதுவான மொழி. கேமராவின் ஜேபெக், வாட்ஸ்அப்பில் போகும் படம், ஆல்பம் லேபுக்கு அனுப்பும் ஷீட் எல்லாம் வழக்கமாக இதற்குள்தான் இருக்கின்றன. 1998-ல் வந்த அடோபி ஆர்ஜிபி பச்சை, நீலப்பச்சைப் பக்கம் இன்னும் விரிந்தது. சினிமாவுக்காக வகுத்த பி3 சிவப்பையும் பச்சையையும் சேர்த்து விரிக்கிறது. ஆகவே ஒரு மானிட்டரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எஸ்ஆர்ஜிபி எல்லையை அது முழுவதும் காட்டுமா, அதற்கு நெருக்கமாகவாவது வருமா என்பது. விலை மலிந்த அலுவலக மானிட்டர்களில் பல, என்டிஎஸ்சி என்ற இன்னொரு நிற எல்லையில் 45 சதவீதம் என்று குறிப்பிடும். அது எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதில் குங்குமச் சிவப்பும் செங்கல் சிவப்பும் ஒன்றுபோல் தெரியும். ஃபோட்டோ வேலைக்கு அந்த வகை ஒதுக்க வேண்டியது, விலை எவ்வளவு இறங்கினாலும்.

இரண்டாவது கேள்விக்குப் பலர் போவதே இல்லை: எஸ்ஆர்ஜிபியைத் தாண்டி விரியும் மானிட்டரை அந்த எல்லைக்குள் அடக்க முடியுமா? இப்போது வரும் கேமிங் மானிட்டர்களில் பெரும்பாலானவை பி3 எல்லையில் 90 சதவீதத்துக்கு மேல் காட்டுகின்றன. விளையாட்டில் அது கண்ணுக்கு விருந்து. ஆனால் எஸ்ஆர்ஜிபியில் எடுத்த கல்யாணப் படத்தை, நிறத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத சாதாரண மென்பொருளில் அந்தத் திரையில் திறந்தால், சிவப்பெல்லாம் உள்ளதைவிடக் கொழுந்துவிட்டு எரியும். அரக்கு பார்டர் ஒளிரும், மணப்பெண்ணின் கன்னம் ஜுரம் வந்ததுபோல் சிவக்கும். எடிட் செய்கிறவர் அதைப் பார்த்துச் சிவப்பைக் குறைப்பார். குறைத்த படம் அச்சில் வெளிறிப்போய் வரும். திரை கூட்டிச் சொன்னதை எடிட்டர் கழித்தார், காகிதமோ கூட்டவே இல்லை. இதற்காகத்தான் மானிட்டரின் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் நிறம் அந்த எல்லைக்குள் அடங்கும். வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும்: சில மாடல்களில் எஸ்ஆர்ஜிபி மோடு போட்டால் பிரைட்னஸை மாற்ற முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அது எடிட்டிங்குக்கு உதவாத எஸ்ஆர்ஜிபி மோடு.

பிரைட்னஸ்தான் ஆல்பத்தைக் கெடுக்கும் அடுத்த காரணம். புது மானிட்டர் பெட்டியிலிருந்து வரும்போது கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காக வெளிச்சத்தை 300 நிட்ஸ் பக்கம் வைத்திருப்பார்கள். அச்சுக்குப் போகும் படத்தைப் பார்ப்பதற்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும். மூன்று மடங்கு வெளிச்சத்தில் பார்க்கிறவருக்கு எல்லாப் படமும் ஏற்கெனவே வெளிச்சமாகத்தான் தெரியும். சற்று இறக்குவார், நிழலை அழுத்துவார். அச்சு இருண்டு வரும். பிரின்ட் டார்க்காக வந்திருக்கிறது என்று லேபைக் குறை சொல்வதற்கு முன்னால் மானிட்டரின் பிரைட்னஸ் எண்ணைப் பார்ப்பது நல்லது. லேப் இதில் பெரும்பாலும் நிரபராதி.

வெள்ளை எது என்பதும் திரைக்குத் திரை மாறும். ஆலையிலிருந்து வரும் அமைப்பு பல நேரம் நீலம் பூசிய வெள்ளையாக இருக்கும். எஸ்ஆர்ஜிபி வரையறை சொல்வது 6500 கெல்வின் வெள்ளை. நீலத் திரையில் வேலை செய்கிறவர் தன்னை அறியாமல் படத்தில் மஞ்சள் ஏற்றுவார். தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் இது தனித் தலைவலி, ஏனென்றால் நலங்குப் படத்தில் முகம் உண்மையாகவே மஞ்சள். மஞ்சள் பூசிய கன்னம், அதன் கீழே மாநிறம், மேலே மண்டபத்து சீரியல் பல்பின் மஞ்சள் வெளிச்சம் என்று மூன்று மஞ்சளையும் பிரித்து, கடைசி மஞ்சளை மட்டும் எடுக்க வேண்டும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டாத திரையில் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

பட்டு இன்னும் கறாரான சோதனை. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் பெயர் பெற்ற எம்.எஸ். ப்ளூ, நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் நிற்கிற நிறம். அதை ஒரு பக்கம் தள்ளினால் வெறும் நேவி ப்ளூ, மறுபக்கம் தள்ளினால் ராமர் பச்சைக்குப் பக்கத்தில் போய்விடும். புடவை எடுத்துக் கொடுத்த அத்தைக்கு அது ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே தெரியும். மயில் கழுத்து நிறத்தில் சிக்கல் வேறு மாதிரி. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த துணி, பார்க்கும் கோணத்துக்குத் தக்கபடி நிறம் மாறும். துணியே கோணத்துக்கு மாறும்போது திரையும் கோணத்துக்கு மாறினால், எந்த மாற்றம் புடவையுடையது, எந்த மாற்றம் மானிட்டருடையது என்று சொல்ல முடியாமல் போகும்.

பேனல் வகை முக்கியமாவது இந்த இடத்தில்தான். டிஎன் பேனல் மலிவு, வேகம் அதிகம். தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிறம் புரண்டுவிடும், ஒரே திரையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும்கூட ஒத்துப்போகாது. விஏ பேனலின் பலம் கறுப்பு. அதன் கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1 என்ற அளவில் இருக்கும், ஐபிஎஸ் பேனலில் அது 1000-க்கு 1. இரவில் பேய்க் கதை கேம் ஆடவும் படம் பார்க்கவும் விஏ நன்றாக இருக்கும். ஆனால் நேர் எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது அதன் ஆழ்ந்த நிழல்கள் ஒன்றாக அமுங்கிவிடும். கொண்டையில் வைத்த பூவைச் சுற்றியுள்ள கூந்தல் இழைகள், வரவேற்பில் மாப்பிள்ளை போட்ட கறுப்புக் கோட்டின் மடிப்புகள் எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும். தலையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் திடீரென்று விவரம் எழும்பும். கருமையான மேனியின் நிழலைத் திருத்துகிறவருக்கு இதைவிட நம்பத்தகாத கருவி இல்லை. பழைய விஏ பேனல்களில் இருண்ட பகுதிகள் நகரும்போது கறுப்பு இழுபடுவதும் உண்டு, அது கேமுக்கும் கேடு.

ஐபிஎஸ் பேனலை 1996-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது, கோணத்துக்கு நிறம் மாறும் குறையைத் தீர்ப்பதற்காகவே. நெடுங்காலம் அது மெதுவான பேனல் என்று பெயர் வாங்கியிருந்தது. ஒரே மானிட்டரில் இரண்டு வேலை முன்பு முடியாமல் இருந்ததற்கு அதுவே காரணம். கடந்த சில ஆண்டுகளில் வந்த வேகமான ஐபிஎஸ் பேனல்கள் அந்தத் தடையைத் தகர்த்துவிட்டன. இருட்டறையில் மூலைகளில் லேசான வெளிறல் தெரிவது அதன் மிச்சக் குறை. நடுத்தர விலையில் இரு வேலைக்கும் பொருந்துவது இன்றைக்கு ஐபிஎஸ்தான், இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை.

சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிட் என்பதையும் விவரப் பட்டியலில் பார்க்க வேண்டும். 8 பிட் என்றால் 1.67 கோடி நிறங்கள், 10 பிட் என்றால் 107 கோடி. மலிவு பேனல்கள் 6 பிட்டை வைத்துக்கொண்டு மினுக்கி மினுக்கி 8 பிட்போல் காட்டும். அந்தி வானமோ, டிசைனர்கள் ஷீட்டின் பின்னணியில் போடும் மங்கலான நிறச் சரிவோ அதில் படிப்படியாகக் கோடு விழும். 8 பிட்டுக்குக் கீழே போகத் தேவையில்லை.

வேகம்

ரிஃப்ரெஷ் ரேட் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதிதாக வரைகிறது என்ற எண்ணிக்கை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி வினாடி. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகக் குறைகிறது. மிச்சமாவது ஏறக்குறைய 10 மில்லி வினாடி. 240-க்குப் போனால் 4.2, அதாவது மேலும் 2.8 மிச்சம். 360-க்குப் போனால் இன்னொரு 1.4. ஏணியில் முதல் படிதான் பெரிது, மேலே போகப்போகப் படிகள் சிறுத்துவிடுகின்றன, விலையோ அதே உயரத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது. போட்டிக்குப் போகும் ஆட்டக்காரருக்கு அந்த 2.8-ம் தேவைப்படலாம். காலையில் ஆல்பம் வேலை இருக்கிறவருக்கு 144 முதல் 180 வரையே போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் நிறத்தின் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஹெர்ட்ஸை மானிட்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 70 படம்தான் தருகிறது என்றால் 180 ஹெர்ட்ஸ் திரை அந்த 70-ஐத்தான் காட்டும். வாலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போன்றவை இலகுவானவை, நடுத்தரக் கார்டிலும் 144-ஐத் தாண்டும். கதை சொல்லும் பெரிய விளையாட்டுகள் அப்படி ஓடாது. படங்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரை கிழிந்ததுபோல் தெரியாமல் இருக்க, கார்டின் வேகத்துக்குத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. என்விடியா 2013-ல் ஜி-சிங்க் என்ற பெயரில் தனிச் சில்லு வைத்து இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க் என்று பொது வரையறை வகுத்தது, ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் எழுந்தது. 2019 முதல் என்விடியா கார்டுகளும் அந்தப் பொது வரையறையோடு வேலை செய்வதால், தனிச் சில்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது.

அட்டையில் அச்சிட்டிருக்கும் 1 மில்லி வினாடி ரெஸ்பான்ஸ் டைமை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரத்தை, மிகச் சாதகமான நிலையில், பிக்சலை விரைந்து மாறத் தூண்டும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்த எண் அது. அந்த உச்சத்தில் ஆடினால் ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு ஓடும். நடு அமைப்பில் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி, அதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். எச்டிஆர் 400 முத்திரையும் இந்த வகைதான். பகுதி பகுதியாக வெளிச்சத்தை அணைக்கும் வசதி இல்லாமலேயே அந்த முத்திரையை வாங்கிவிட முடியும். அதை ஒரு காரணமாக வைத்து மானிட்டரைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

அளவு

24 அங்குலத்தில் 1920-க்கு 1080 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 92 பிக்சல் வரும். அதே ரெசல்யூஷனை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82. எழுத்து உதிரும், நகையின் வேலைப்பாடு கரடுமுரடாகும். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 என்றால் 109, மேசை தூரத்தில் கண்ணுக்கு இதமான இடம். 4கே என்றால் 163, கூர்மையில் அதுவே சிறந்தது, ஆனால் 1440-ஐப் போல இரண்டேகால் மடங்கு பிக்சல்களைக் கார்டு வரைய வேண்டியிருக்கும். அந்தச் சுமையைத் தூக்கும் கார்டின் விலை மானிட்டரின் விலையைத் தாண்டிப் போய்விடும்.

ஆல்பம் வேலையின் பக்கமிருந்து பார்த்தால் இந்த எண்கள் இன்னும் தெளிவாகும். 24 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். நூறு சதவீத அளவில் 1080 திரை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் காட்டும், 1440 திரை ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். கண் ஃபோகஸில் இருக்கிறதா என்று ஆயிரம் படங்களைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு அந்த ஏறக்குறைய இரு மடங்கு இடைவெளி கழுத்து வலிக்கும் வலியில்லாமைக்கும் உள்ள தூரம். பிறகு 12-க்கு 36 அங்குல ஷீட். 300 டிபிஐயில் 10,800-க்கு 3,600 பிக்சல், நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு. 27 அங்குலத் திரையின் அகலம் 23.5 அங்குலம்தான், ஷீட் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கித்தான் தெரியும். 34 அங்குல அல்ட்ராவைடு திரை 31 அங்குலத்துக்கு மேல் அகலம் கொண்டது. இரட்டைப் பக்கத்தை விரித்து வைத்து டிசைன் செய்ய அதைப்போல் வசதியானது வேறில்லை. 32 அங்குலத்தைத் தாண்டிய மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்ததால் அதன் விலையும் கொஞ்சம் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் சில போட்டி விளையாட்டுகள் அந்த அகலத்தை ஏற்காமல் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு ஆடும். ஆல்பமே பிழைப்பு, கேம் எப்போதாவது என்கிறவருக்கு மட்டும் அது பொருந்தும். மற்றவர்களுக்கு 27 அங்குலம், 1440, ஐபிஎஸ், 144 முதல் 180 ஹெர்ட்ஸ். 20,000 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும் இந்தச் சேர்க்கை ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எட்டாத விலையில் இருந்தது.

ஓலெட் திரைகள் இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துப்போடக் கூடியவை. பேக்லைட் இல்லை, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. கறுப்பு முழுக் கறுப்பு, ரெஸ்பான்ஸ் மில்லி வினாடியில் சிறு பின்னம், நிறமும் விரிவானது. கேமுக்கு இதற்கு இணையில்லை. ஃபோட்டோவுக்கும் அது சிறந்த திரையே, ஆனால் தினமும் எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் ஃபோட்டோஷாப் கருவிப்பட்டையும் விண்டோஸ் டாஸ்க்பாரும் அதன் எமன்கள். ஒரே இடத்தில் ஒரே வெளிச்சம் நின்றால் அந்தப் பிக்சல்கள் மட்டும் முன்னதாகத் தேய்ந்து தழும்பு விழும். 2022 முதல் மானிட்டர்களில் வரும் க்யூடி-ஓலெட் வகையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அறையில் வெளிச்சம் இருந்தால் அதன் கறுப்பு லேசாக ஊதா கலந்து சாம்பலாகத் தெரியும். வாசல் கதவைத் திறந்து வைத்து, டியூப்லைட் போட்டு வேலை செய்யும் வீட்டில் அந்த முழுக் கறுப்புக்குக் கொடுத்த பணம் பகலெல்லாம் வீணாகும்.

அறை

திரையின் நிறத்தில் பாதி அறையின் நிறம். வீட்டுச் சுவருக்கு ரோஸ், எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை என்று அடர்த்தியாக அடிப்பது சென்னைப் புறநகரில் வழக்கம். அந்தச் சுவர் வெளிச்சத்தைத் திரைமேல் திருப்பி வீசும், கண்ணையும் தன் நிறத்துக்குப் பழக்கிவிடும். பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தவர் படத்தின் நிறத்தைத் தவறாகக் கணிப்பார். மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவர் ஒன்றுக்காவது வெளிர் சாம்பல் அடிப்பது, அடுத்த விலைப்படி மானிட்டருக்குத் தாவுவதைவிட அதிகப் பலன் தரும். ஜன்னல் திரைக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், எதிரேயோ பின்னாலோ கூடாது. டியூப்லைட் விஷயத்தில் ஒரு நல்ல பொருத்தம் அமைந்திருக்கிறது. கூல் டேலைட் என்று விற்கும் 6500 கெல்வின் எல்இடி விளக்கு, எஸ்ஆர்ஜிபியின் வெள்ளையோடு ஒத்துப்போகிறது. அச்சைப் பார்வையிடும் சர்வதேச வரையறை 5000 கெல்வின் என்றாலும், கல்யாண வீட்டார் ஆல்பத்தைப் புரட்டப்போவது பெரும்பாலும் இந்த டியூப்லைட்டின் கீழேதான்.

மேற்குப் புறநகரின் மே மாத வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மானிட்டர்கள் பொதுவாக 40 டிகிரி வரைதான் இயங்க வடிவமைக்கப்படுகின்றன, தகரக் கூரை அறை மதியம் அதைத் தாண்டும். பின்பக்கத் துளைகளைச் சுவரோடு ஒட்டாமல் விட வேண்டும். நெடுஞ்சாலைத் தூசி அந்தத் துளைகளில் அடையாமல் மாதம் ஒருமுறை தூரிகையால் தட்ட வேண்டும். மானிட்டருக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை, அதன் மின்பகுதி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். தேவைப்படுவது சரியான எர்த்தும், கரன்ட் போனால் வேலையைச் சேமிக்க நேரம் தரும் யுபிஎஸ்ஸும். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் மேற்கிலிருந்து இடி கிளம்பும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்ல பழக்கம்.

வாங்கும் இடம்

இந்தியாவில் மானிட்டர்களைப் பூட்டிச் சேர்க்கும் வேலை நடந்தாலும், திரையின் உயிரான பேனல் சீனா, தைவான், கொரியாவிலிருந்துதான் வருகிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகள் செய்யும் பேனலையே பல பிராண்டுகள் வெவ்வேறு சட்டத்தில் போட்டு விற்கின்றன. ஆகவே பிராண்டின் பெயருக்காகக் கொடுக்கும் பணம் பேனலுக்குப் போவதில்லை. அது போக வேண்டியது வாரண்டிக்கு, உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டுக்கு, ஆலையிலேயே அளந்து சரிசெய்து வைத்ததற்கான சான்றுக்கு. அந்தச் சான்றில் டெல்டா ஈ என்ற எண் 2-க்குக் கீழே இருந்தால், காட்டும் நிறத்துக்கும் காட்ட வேண்டிய நிறத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாது என்று பொருள்.

மவுன்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவுக்கு நேரில் போவதில் இன்னும் நன்மை இருக்கிறது. ஆல்பம் லேபில் ஏற்கெனவே அச்சான ஒரு ஷீட்டையும் அதே படத்தைப் பென் டிரைவிலும் எடுத்துப்போய், திரையில் திறந்து, காகிதத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம். எந்த விவரப் பட்டியலும் சொல்லாததை அந்த அரை நிமிடம் சொல்லிவிடும். பிறகு முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை நிரப்பிச் செத்த பிக்சல் தேட வேண்டும். கடையை விட்டு வந்தபின் ஒன்றிரண்டு செத்த பிக்சலுக்காக மாற்றித் தர வாரண்டி பெரும்பாலும் இடம் தராது. இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேவை என்று எழுதியிருந்தாலும் ஊரின் பின்கோடுக்கு அது உண்டா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வது அவசியம். சென்னை என்று நிறுவனங்கள் சொல்லும் வட்டம் சில நேரம் பூந்தமல்லியோடு நின்றுவிடும். ஜிஎஸ்டி பில், பின்பக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு எண் இரண்டும் இல்லாத திரையை மலிவுக்காக வாங்கக் கூடாது.

மேசைக்கு வந்த பிறகு

புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். டிஸ்ப்ளே அமைப்பில் உள்ளே போய் மாற்றினால்தான் வாங்கிய வேகம் கிடைக்கும். மாற்றாமலேயே மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. கேபிளும் காரணமாகலாம்: எச்டிஎம்ஐ 2.0 வழியாக 1440 திரை பெரும்பாலும் 144 ஹெர்ட்ஸோடு நிற்கும், 180 வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். கேபிளைத் தாய்ப்பலகையில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும்.

இரு வேலைகளும் ஒன்றையொன்று கெடுக்கும் இடம் மென்பொருள்தான். எதிரியின் உருவம் பளிச்சென்று தெரிவதற்காக வாலரன்ட் ஆடுகிறவர்கள் என்விடியா கன்ட்ரோல் பேனலில் டிஜிட்டல் வைப்ரன்ஸை ஏற்றி வைப்பார்கள். கேமை மூடினாலும் அது இறங்காது. மறுநாள் காலை திறக்கும் ஆல்பத்திலும் அதே ஏற்றம் இருக்கும், எம்.எஸ். ப்ளூ மின்னும், எடிட்டர் அதை இறக்குவார். மானிட்டரின் பிளாக் ஈக்வலைசர் இருண்ட மூலையில் ஒளிந்திருப்பவரைக் காட்ட நிழலைத் தூக்கிவிடும், கூந்தலின் நிழலையும் சேர்த்து. கண் கூசாமல் இருக்க இரவில் போட்ட நைட் லைட் விடிந்தும் மஞ்சளாகவே நிற்கும். இதற்கு வழி எளிது. மானிட்டரின் மெனுவில் கேமுக்கு ஒரு மோடு, வேலைக்கு எஸ்ஆர்ஜிபி மோடு என்று பிரித்துவைத்து, வைப்ரன்ஸை எப்போதும் நடு அளவான 50 சதவீதத்திலேயே விட்டுவிட வேண்டும். ஏற்றம் வேண்டுமென்றால் அதை மானிட்டரின் கேம் மோடிலேயே வைக்கலாம், மோடு மாறும்போது அதுவும் சேர்ந்து மாறிவிடும்.

எந்தத் திரையும் காலப்போக்கில் நகரும். பேக்லைட் மங்கும், வெள்ளை மஞ்சளாகும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது, ஏனென்றால் கண்ணும் கூடவே பழகிக்கொண்டு வரும். டேட்டாகலரின் ஸ்பைடர், காலிப்ரைட் நிறுவனத்தின் கருவிகள் போன்றவை மவுஸ் அளவில் திரைமேல் தொங்கி, வரும் ஒளியை அளந்து, திருத்தக் கோப்பு ஒன்றைத் தயாரித்துத் தரும். தனியாக வாங்க விலை கூடுதல்தான். ஆனால் ஒரு மானிட்டருக்கு மாதம் ஒருமுறை, அரைமணி நேர வேலை. பூந்தமல்லிக்கும் குத்தம்பாக்கத்துக்கும் இடையே நான்கைந்து ஸ்டுடியோக்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். கருவி கைக்கு வரும்வரை, லேபில் அச்சான அந்தச் சோதனை ஷீட்டே அளவுகோல். மானிட்டரைப் போட்டு அரைமணி நேரம் சூடேற விட்டு, அறையின் டியூப்லைட்டை எரியவிட்டு, ஷீட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஷீட்டின் வெள்ளை ஓரமும் திரையின் வெள்ளையும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸை இறக்க வேண்டும். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரின் ஸ்டாண்டில் ஒட்டிவைத்தால், இரவு ஆட்டத்துக்காக ஏற்றியதை மறுநாள் காலை எந்த அளவுக்கு இறக்குவது என்று தேட வேண்டியிருக்காது.